உணவுக் கோளாறிலிருந்து மீண்டுவரும் மகளை யோகாவில் சேர்க்கலாமா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்கு 19 வயது, கோவையில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறாள். முதல் வருடம் டயட் என்று ஆரம்பித்தது, ராத்திரிக்குக் கொள்ளு ரசம் மட்டும் என்று ஆகி, மாதவிடாய் நின்று, வகுப்பில் மயங்கி விழுந்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்திருக்கிறது. அந்த நாட்களில் சாப்பிடாமல் யூடியூபில் சமையல் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். அனோரெக்சியா என்று சொல்லி மனநல மருத்துவரும் உணவியல் நிபுணரும் பார்த்து வருகிறார்கள். எடை மெல்ல ஏறுகிறது. சொந்தக்காரர்கள் "யோகாவுல சேர்த்து உடுங்க, எல்லாஞ் சரியாப் போயிரும்" என்கிறார்கள். மகளோ தினமும் 108 சூரிய நமஸ்காரம் செய்கிற வகுப்புதான் வேண்டும் என்கிறாள். சேர்க்கலாமா, எதைச் செய்யலாம், நாத்தனார் சொல்கிற பத்து நாள் முகாமுக்கு அனுப்பலாமா, தைப்பூசத்துக்கு அவளைப் பழனிக்கு நடக்க வைப்பதாக ஒரு வேண்டுதல் இருக்கிறதே, அதை என்ன செய்வது என்று கேட்கிறார்.

சேர்க்கலாம். ஆனால் அவள் கேட்கிற வகுப்பில் வேண்டாம். அவளைப் பார்க்கிற டாக்டர் "உடம்பு தாங்கும்" என்று வாயால் சொன்ன பிறகு சேருங்கள். நான் கோவையில் யோகா சொல்லிக் கொடுப்பவள். மனநல மருத்துவர்கள் அனுப்பி வைக்கிற பெண்களும் என்னிடம் வருகிறார்கள். யோகாவைக் குறைத்துப் பேச எனக்குக் காரணம் எதுவும் இல்லை. இருந்தும் சொல்கிறேன், இந்த நோயில் சாப்பாடுதான் முதல் மருந்து. யோகா அதன் பின்னால்தான் வர வேண்டும். வரிசை மாறினால் அதே யோகா நோய்க்குக் கையாளாகிவிடும்.

ஏன் சாப்பாடு முதலில் என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஏறக்குறைய ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். யாருக்கும் முன்னால் மனக்கோளாறு கிடையாது. பட்டினி ஏற ஏற நாடித்துடிப்பு குறைந்தது, எப்போதும் குளிர் எடுத்தது, எரிச்சல் வந்தது, யாரோடும் பழகப் பிடிக்காமல் போனது. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் பாப்பா பார்த்த சமையல் வீடியோவும் இதே கணக்குதான். பசித்த மூளை அப்படித்தான் வேலை செய்யும். அந்த மூளைக்கு வேண்டியது சோறு. பிராணாயாமம் அதை ஈடுகட்டாது.

டாக்டரிடம் போகும்போது யோகாவைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். "லேசா எக்ஸர்சைஸ் பண்ணலாம்" என்று பொதுவாகச் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் நாடியும் பி.பி.யும் பார்த்தார்களா, ஈசிஜி எடுத்தார்களா, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் அளவு சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். விழித்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இருந்தால் இளவயதினரை மருத்துவமனையில் சேர்ப்பது பற்றியே யோசிப்பார்கள். இங்கே யோகா ஆசிரியர்கள் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு: நாடி மெதுவாக அடித்தால் "நல்ல சாதகருக்கு அப்படித்தான் இருக்கும்" என்று மெச்சிவிடுவார்கள். பட்டினியில் இளைத்த இதயமும் மெதுவாகத்தான் அடிக்கும். இரண்டும் ஒன்றல்ல.

எலும்பையும் கேளுங்கள். மாதவிடாய் பல மாதம் நின்றிருந்தால் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கும், எலும்பின் அடர்த்தியும் குறைந்திருக்கலாம். 19 வயது என்பது எலும்பு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிற வயது. அதனால் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் போலக் கழுத்தில் பாரம் ஏறுகிறவையும், முதுகை வளைத்து இழுத்துக் குனிகிறவையும் இப்போது வேண்டாம். மெலிந்த பெண்கள் சுலபமாக வளைவார்கள். ஆசிரியர் அதைப் பார்த்து "ரப்பர் மாதிரி இருக்கற அம்மிணி" என்று பாராட்டி இன்னும் வளைக்கச் சொல்வார். அந்தப் பாராட்டே அவளுக்கு ஆகாது.

சரி, இவ்வளவு எச்சரிக்கை என்றால் எதற்கு யோகா? நல்ல காரணம் இருக்கிறது. இந்த நோய் வந்தவர்களுக்குப் பசி, வயிறு நிறைவு, களைப்பு, குளிர் என்று உடம்பு உள்ளேயிருந்து சொல்கிற சேதி சரியாகக் காதில் விழுவதில்லை. விழுந்தாலும் நம்புவதில்லை. உடம்பை எப்போதும் வெளியே நின்று, கண்ணாடியிலும் எடை மெஷினிலும் மட்டுமே பார்த்துப் பழகியிருப்பார்கள். மெதுவாகச் செய்கிற யோகா, கவனத்தை உள்ளே திருப்புகிற வேலையைச் செய்யும். பாதம் தரையில் எங்கே அழுந்துகிறது, மூச்சு எங்கே போய் நிற்கிறது என்று கவனிக்கப் பழகுகிறவளுக்கு, கொஞ்ச நாளில் "இப்போ பசிக்குது" என்பதும் கேட்க ஆரம்பிக்கும். பதட்டமும் இறங்கும், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வருகிற பதட்டம்தான் இந்த நோயில் பெரிய சுவர்.

ஆய்வுகளும் கொஞ்சம் உண்டு. 2010இல் அமெரிக்காவில் வெளியான ஒன்றில் 11 முதல் 21 வயது வரை உள்ள 54 பேர். 50 பெண்கள், 4 ஆண்கள். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. பாதிப் பேருக்கு அதோடு 8 வாரம் தனித்தனியாக யோகா. யோகா செய்தவர்களுக்கு நோயின் அறிகுறிகள் தொடர்ந்து குறைந்தன. மற்றவர்களுக்கு முதலில் குறைந்து, பிறகு 12-வது வாரத்தில் பழைய இடத்துக்கே வந்தன. வகுப்பு முடிந்த கையோடு சாப்பாட்டைப் பற்றிய ஓயாத நினைப்பு குறைந்திருந்தது. யோகா செய்த குழுவுக்குச் சராசரி எடை இறங்கிவிடவும் இல்லை. இதில் கவனிக்க வேண்டிய இரண்டு: சிகிச்சையோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள், அதுவும் ஒருவருக்கு ஒருவர் என்று கொடுத்தார்கள். ஐம்பது பேர் மண்டபத்தில் வரிசையாக நின்று செய்ததை வைத்துச் சொன்னதில்லை. 54 பேர் என்பது சின்ன எண்ணிக்கை என்பதையும் மறக்க வேண்டாம். யோகா மட்டும் அனோரெக்சியாவைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் அங்கே செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம், அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

இப்போது 108 சூரிய நமஸ்காரத்துக்கு வருகிறேன். அவள் அதைக் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. இந்த நோயில் ஓயாமல் உடம்பை வருத்திக்கொள்வதும் ஒரு அறிகுறி. நடை, ஸ்கிப்பிங், மாடிப்படி என்று எதைத் தடுத்தாலும் இன்னொன்றில் போய் நிற்கும். யோகா என்றால் வீட்டில் யாரும் தடுக்க மாட்டார்கள், பெருமையாகவும் பேசுவார்கள். நோய்க்கு இதைவிட நல்ல மறைவிடம் கிடையாது. எண்ணிக்கை இருக்கிற எதுவும் இப்போது அவளுக்கு ஆகாது. சூரிய நமஸ்காரம் கெட்டது என்று சொல்லவில்லை. எண்ணிக்கொண்டு செய்கிற மனசு, இட்லியையும் எண்ணிக்கொண்டுதான் சாப்பிடும்.

யோகாவின் சில பொது விதிகளே இவளுக்குப் பொருந்தாது. முதலாவது "வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும்" என்பது. காலை 5 மணிக்கு எழுந்து, ராத்திரி சாப்பிட்டது எப்போதோ தீர்ந்த உடம்போடு ஒரு மணி நேரம் செய்வது இவளுக்கு ஆபத்து. கால் மணி, அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழமும் அரை டம்ளர் பாலும் இறங்கியிருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் உணவியல் நிபுணர் எழுதிக் கொடுத்த பலகாரம் உண்டு. யோகா இருக்கிற நாளில் சாப்பாட்டு அளவு கூடும், குறையாது. இதைச் சேரும் முன்பே அவள் காதுபட, உணவியல் நிபுணர் வாயால் சொல்ல வையுங்கள். அவள் "அப்படின்னா எனக்கு யோகாவே வேண்டாம்" என்று சொன்னால், எதற்காகக் கேட்டாள் என்பது உங்களுக்கும் டாக்டருக்கும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, கிரியைகள் என்கிற உடல் சுத்தப் பயிற்சிகள். உப்புத் தண்ணீரைக் குடம்குடமாகக் குடித்து வாந்தி எடுக்கிற வமன தௌதி, குடலைக் கழுவுகிற சங்கப் பிரக்ஷாளனம் இரண்டும் சில முகாம்களில் முதல் இரண்டு நாளிலேயே வைக்கிறார்கள். சாப்பிட்டு வாந்தி எடுக்கிற புலிமியாவோ, பேதி மாத்திரை போடுகிற பழக்கமோ இருக்கிற பெண்ணுக்கு அதே செயலைச் "சுத்தம்" என்ற பெயரில் சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும்? அனோரெக்சியா நாளடைவில் புலிமியாவாக மாறுவதும் உண்டு. வாந்தியிலும் பேதியிலும் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தடுமாறவும் வாய்ப்பு இருக்கிறது. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளையும் இந்தக் காரணத்துக்காகவே ஒதுக்குகிறேன். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தின் காரத்தன்மை ஏறும், ரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்சப் பொட்டாசியமும் செல்லுக்குள் போகும். "தொப்பை குறையும்" என்று சொல்லியே அவற்றை விற்பது இன்னொரு காரணம்.

மூன்றாவது சாப்பாட்டுப் பேச்சு. அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணீர், கால் வயிறு காலி என்ற மிதாகார உபதேசம் கேட்காத யோகா வகுப்பு நம் ஊரில் குறைவு. அதோடு சாத்விகம், பச்சைக் காய்கறி, ஏகாதசி விரதம் என்று நீளும். நன்றாகச் சாப்பிடுகிற ஆளுக்கு இது நல்ல பேச்சாக இருக்கலாம். இவள் காதில் அது ஆணையாக விழும். உங்கள் மகள் சாஸ்திரத்தைக் காட்டி வாதாடினால் நீங்களும் சாஸ்திரத்தைக் காட்டலாம்: ஹடயோகப் பிரதீபிகை முதல் அத்தியாயத்திலேயே சாதகர் விட வேண்டியவற்றின் பட்டியலில் பட்டினி கிடப்பதையும் உடம்பை வருத்துவதையும் சேர்த்திருக்கிறது. சாப்பிட வேண்டியதில் கோதுமை, அரிசி, பால், நெய், வெண்ணெய், தேன் எல்லாம் வருகிறது. (இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது நம் பக்கத்துப் பாட்டிகளுக்கெல்லாம் பாடம். அந்தக் கொள்ளைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். எள்ளுருண்டைக்கு வர நாளாகும்.)

என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். நான் ஆரம்பிக்கிற விதத்தைச் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொன்றும் அரை மணிக்குள். காற்றோட்டமான அறை, கண்ணாடி இருக்கக் கூடாது, தொளதொள உடை. முதலில் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில். மூச்சு இழுக்கும்போது கை மேலே, விடும்போது கீழே. இழுப்பதைவிட விடுவது சற்று நீளம், அவ்வளவுதான். மூச்சை அடக்கி நிறுத்துவது கிடையாது. பிறகு நான்கு காலில் நின்று முதுகை மெதுவாக ஏற்றி இறக்குகிற மார்ஜரி ஆசனம். சுவரைப் பிடித்துத் தாடாசனம், அப்புறம் வீரபத்ராசனம். காலில் பலம் இருக்கிறது என்று அவளுக்கே தெரிகிற ஆசனம் அது, இந்தப் பெண்கள் அதில் சட்டென்று முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். படுத்து எழும்போது ஒருக்களித்து, உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்துத்தான் நிற்க வேண்டும்; சட்டென்று எழுந்தால் பி.பி. இறங்கித் தலை சுற்றும்.

சவாசனம் சுலபம் என்று நினைப்பார்கள். இவர்களுக்கு அதுதான் கஷ்டம். சதை இல்லாத முதுகெலும்பும் இடுப்பெலும்பும் தரையில் குத்தும், குளிரும் எடுக்கும். மெத்தையின் மேல் இரண்டு பவானி ஜமக்காளம் விரித்து, மேலே போர்வையும் போட்டுவிடுங்கள். கண்ணை மூடியே ஆக வேண்டும் என்று இல்லை. உடம்பை ஒவ்வொரு பகுதியாகக் கவனிக்கச் சொல்லும்போது வயிறு, தொடை, இடுப்பு என்று ஆரம்பிக்கக் கூடாது. அவள் வெறுக்கிற இடங்கள் அவை. உள்ளங்கை, விரல், பாதம், நெற்றி என்று போனால் போதும். வயிற்றுக்கு வர மாதக்கணக்கில் ஆகட்டும். பாலாசனத்தில் குனியும்போது வயிறு தொடையில் படும். சிலருக்கு அந்தத் தொடுதலே அழுகையைக் கொண்டுவரும். அப்படியானால் விட்டுவிட வேண்டியதுதான், பிடிவாதம் எதற்கு?

சாப்பிட்டு முடித்த அடுத்த அரை மணி நேரம்தான் வீட்டில் பெரும் போராட்டம் என்று தாய்மார்கள் சொல்வார்கள். நீண்ட நாள் பட்டினியில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு உப்பியதாக உணர்வது பொய்யில்லை. தொடர்ந்து சாப்பிட்டு வந்தால் சரியாகும். அந்த நேரத்தில் வஜ்ராசனத்தில் ஐந்து நிமிடம் உட்காரலாம், உணவுக்குப் பிறகு செய்யலாம் என்று வழக்கமாகவே சொல்லப்படுகிற ஆசனம் அது. கணுக்கால் வலித்தால் நாற்காலி போதும். கூடவே நீங்களும் உட்கார்ந்து ஏதாவது ஊர்க்கதை பேசுங்கள். எதுவும் பேச வேண்டாம் என்றால் சும்மா உட்காருங்கள்.

எங்கே சேர்ப்பது? நம் கொங்கு மண்ணில் யோகாவுக்குப் பஞ்சமில்லை. ஆழியாறில் வேதாத்திரி மகரிஷி நிலைநாட்டிய மனவளக்கலைக்குச் சின்ன ஊர்களில்கூட மன்றம் இருக்கிறது. அதன் எளியமுறை உடற்பயிற்சியில் கை, கால், மூச்சு, மகராசனம், உடல் தேய்த்தல், உடல் தளர்த்துதல் எல்லாம் மென்மையானவை; கபாலபாதியை மட்டும் விட்டுவிட்டுச் செய்யலாம். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவம் படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் கேட்கலாம். ஆனால் எந்த அமைப்பு என்பதைவிட எந்த ஆசிரியர் என்பதுதான் முக்கியம். முன்கூட்டியே தனியாகப் போய்ப் பேசுங்கள். நோயைச் சொன்னதும் "நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க, எல்லாம் மனசுதான்" என்று சிரித்தால் வேறு ஆளைப் பாருங்கள். தொடுவதற்கு முன் கேட்பாரா, எடை, இடுப்பு, வயிறு என்று வகுப்பில் பேசாமல் இருப்பாரா, டாக்டர் நிறுத்தச் சொன்னால் மறுபேச்சில்லாமல் நிறுத்துவாரா என்று கேளுங்கள்.

பத்து நாள் முகாம் இப்போது வேண்டாம். அங்கே சாப்பாட்டு நேரமும் அளவும் அவர்கள் கையில், பல இடங்களில் இரண்டு வேளைதான் சாப்பாடு. மௌனம் வேறு. உங்கள் கண்ணும் டாக்டர் கண்ணும் படாத பத்து நாள் இந்த நோய்க்குப் போதும். நாத்தனாரிடம் டாக்டர் மேல் பழியைப் போட்டுவிடுங்கள், டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எப்போது நிறுத்துவது என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எடை தொடர்ந்து இறங்கினால் நிறுத்தம். விடுதி அறையில் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு செய்தால், ஒருநாள் தவறினால் தவித்தால், "இன்னைக்கு யோகா இல்லை, அதனால சாப்பாடு கம்மி" என்றால், அப்போதும் நிறுத்தம். நான் சில சமயம் வேண்டுமென்றே ஒரு வகுப்பை ரத்து செய்வேன். சிரித்துக்கொண்டு "சரிங்க அக்கா" என்று சொல்கிற பெண்ணைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

இதே கேள்வியோடு படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அடக்க முடியாமல் அள்ளிச் சாப்பிடுகிற கோளாறுக்கு யோகா ஓரளவு நன்றாகவே உதவுகிறது. 2009இல் ஆஸ்திரேலியாவில் பெண்களிடம் 12 வாரம் செய்த ஆய்விலும் அப்படிச் சாப்பிடுவது குறைந்தது. வாந்தி எடுக்கிறவர்களுக்கு நெஞ்செரிச்சல் இருக்கும், தலைகீழ் ஆசனங்கள் கூடாது. பையன்களுக்கும் இந்த நோய் வரும், ஜிம்மில் அது கண்ணுக்குத் தெரியாமல் வளரும்.

இன்னொன்று சொந்தக்காரர்கள். கல்யாணம், சீர் என்று நாலு பேர் கூடினால் "ஏங்கண்ணு, இப்படி எளைச்சுட்ட", அடுத்த முறை "இப்பத்தான் சதை புடிச்சிருக்குது" என்பார்கள். இரண்டுமே அவளைப் பின்னால் தள்ளும். இரண்டாவதுதான் மோசம். அம்மாயியிடமும் அத்தையிடமும் முன்னாலேயே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்: உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், படிப்பைக் கேளுங்கள். விடுதியில் நடு ராத்திரி அவளுக்கு முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். மயக்கம், நெஞ்சு படபடப்பு என்றால் போன் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

பழனி வேண்டுதலுக்கு வருகிறேன். கோபியிலிருந்து பழனி நூறு கிலோமீட்டருக்கு மேல். தை மாதப் பனியில் தொடங்கி வெயிலில் முடிகிற நடை, வழியில் அன்னதானம் எங்கே எப்போது என்று தெரியாது, பலர் விரதத்தோடு வேறு நடப்பார்கள். இந்த வருடம் அவள் நடக்கக் கூடாது. சஷ்டி, கிருத்திகை விரதமும் அவளுக்கு வேண்டாம். வேண்டிக்கொண்டது நீங்கள், அதனால் நீங்களோ அவள் அப்பாவோ நடக்கலாம். அவள் பஸ்ஸில் வந்து மலையடிவாரத்தில் உங்களைப் பார்க்கட்டும், மேலே போக விஞ்ச் இருக்கிறது. பஞ்சாமிர்தத்தை உணவியல் நிபுணரின் பட்டியலில் அன்றைக்கு மட்டும் ஒரு பலகாரமாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எடையும் மாதவிடாயும் சரியாகி நிலைத்த பிறகு, அடுத்த தைப்பூசத்துக்கு நடக்கலாமா என்பதை டாக்டரிடம் அவளே கேட்கட்டும்.